மலை ஊரில் துறவி நண்டு: எந்தச் சங்கு வாங்குவது, எப்போது கை வைப்பது

குன்னூரில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதற்குள், காலிச் சங்கில் குடியிருக்கும் மூன்று துறவி நண்டுகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோவையில் ஒரு கடை வாசலில், நகரமாட்டேன் என்று என் மகள் நின்று வாங்கவைத்தவை. மூன்றின் முதுகிலும் பெயின்ட் அடித்த சங்கு. ஒன்றில் கால்பந்து, ஒன்றில் சிரிக்கும் முகம், ஒன்று முழுக்கப் பளபளக்கும் நீலம். சின்னக் கம்பிக் கூண்டில் போட்டுக் கொடுத்து, "தினம் கொஞ்சம் தண்ணி தெளிங்க, போதும்" என்றார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரியில் டக் டக் என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், குண்டன் என்று மகள் பெயர் வைத்த பெரியது, மீசை என்று பெயர் வைத்த இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்து அதன் நீலச் சங்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மீசை உள்ளே ஒடுங்கிக்கொண்டு கீச் கீச் என்று கத்தியது. நண்டுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிரித்து வைப்பதா? அப்படியே விடுவதா? புதுச் சங்கு வாங்கிப் போடுவதா? வாங்கினால் எதை? விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் கீழே, வெயில் அடிக்கும் ஊர்க்காரர்கள். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு என் அனுபவமும், அதற்கப்புறம் தேடிப் படித்ததும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கடற்கரை அலையில் பிடித்த சின்னச் சங்கு நண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது பிழைக்காது. அது கடல் நீரிலேயே வாழ்வது. தொட்டியில் மணலில் நடக்கும் ஜாதி வேறு. அதை சீனோபிட்டா என்பார்கள். கரையில் வாழ்ந்தாலும் அதற்கு இருப்பது செவுள்தான், அது எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். அதனால் சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சுமந்துகொண்டே திரியும். சங்கு அதற்கு வீடு, கவசம், தண்ணீர்க் குடம் மூன்றும். பின்னுடல் முழுக்க ஓடில்லாத மெத்து மெத்தென்ற சதை. வலது பக்கமாகச் சுருண்டிருக்கும். உடம்பு வளரும், சங்கு வளராது. ஆகவே காலம் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கவேண்டிய பிறவி.

குண்டனின் கதையும் அதுதான். கால்பந்துச் சங்குக்குள் அது ஒடுங்கினாலும் பெரிய கொடுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இடது கொடுக்குதான் பெரியது. ஒழுங்கான அளவென்றால் அதைக் கதவு மாதிரி வைத்து வாயை அடைத்துக்கொள்ளும். மீசையின் நீலச் சங்கோ அதன் உடம்புக்குக் கொஞ்சம் தாராளம். ஒன்றுக்கு வீடு பற்றவில்லை, பக்கத்து வீட்டில் இடம் இருக்கிறது. சண்டை வராமல் என்ன செய்யும்?

சரி, சங்குக்கு வருவோம். என் கண்ணில் பட்ட வழிகள் நான்கு.

பெயின்ட் அடித்த சங்கு சுலபமாகக் கிடைப்பது, பிள்ளைகளுக்குப் பிடிப்பது. அதை நான் ஒரேயடியாக வேண்டாம் என்கிறேன். தொட்டிக்குள் எப்போதும் ஈரம், எப்போதும் உப்பு. பெயின்ட் நாளாக நாளாகச் செதில் செதிலாக உரியும். நண்டு சங்கைக் கொறிக்கிற பிராணி; சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கும். உரிந்த பெயின்ட் வயிற்றுக்குள்தான் போகும். எங்கள் தொட்டியில் நீலத் துகள்களை மணலில் இருந்து சாந்துப்பொட்டு அளவுக்குப் பொறுக்கியிருக்கிறேன். அப்புறம், அந்தச் சங்கை அது தானாகத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று நம்ப எனக்கு முடியவில்லை. வேறு சங்கே கொடுக்காமல் விட்டால் எதையும் போட்டுக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் பெயின்ட் சங்கில் வந்த நண்டை அதிலிருந்து இழுக்கக் கூடாது. இழுத்தால் வெளியே வராது, கிழிந்துபோகும். நல்ல சங்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி.

இரண்டாவது, இயற்கையான கடல் சங்கு. இதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். ராமேஸ்வரம் போன உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் அழகு பார்த்து வாங்கி வந்தார்: சோழி, கூம்புச் சங்கு, முள்முள்ளாக நீண்ட ஒன்று. மூன்று வாரம் வைத்திருந்தேன், ஒரு நண்டும் திரும்பிப் பார்க்கவில்லை. சோழியின் வாய் வெறும் கீறல், அதற்குள் எப்படிப் போகும்? பார்க்கவேண்டியது வாயின் வடிவத்தைத்தான். வட்ட வாய் பிடித்த நண்டுகளுக்கு டர்போ சங்கு. நீள்வட்டம் அல்லது அரைவட்டம் பிடித்தவற்றுக்கு மீனவர்கள் புறாமுட்டைச் சங்கு என்னும் பாபிலோனியா போன்றவை. உங்கள் நண்டு எந்தக் கட்சி என்று தெரியாவிட்டால் இரண்டிலும் ஒவ்வொன்று வைத்துவிடுங்கள், அதுவே சொல்லும். அளவுக்கு ஸ்கேல் போதும். பெரிய கொடுக்கின் அகலத்தை, அது உணவுத் தட்டில் நிற்கும்போது தோராயமாகப் பாருங்கள். இப்போதைய சங்கின் வாயைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளவற்றில் சில, அதே அளவில் ஒன்றிரண்டு. ஒரு நண்டுக்கு மூன்று முதல் ஐந்து சங்கு கணக்கில் வைத்த பிறகுதான் எங்கள் தொட்டியில் ராத்திரிச் சத்தம் அடங்கியது.

இங்கே நம் ஊர் விஷயம் ஒன்று சொல்லவேண்டும். கடைகளில் வலம்புரிக்குக் கிராக்கி, சாதாரணச் சங்கை இடம்புரி என்பார்கள். உயிரியல்காரர்கள் கணக்கு இதற்கு நேர் எதிர்: நாம் இடம்புரி என்பதுதான் அவர்களுக்கு வலச்சுழி. துறவி நண்டின் வயிறு சுருண்டிருப்பதும் அந்தச் சாதாரணச் சுழிக்கு ஏற்றபடி. அதனால் நண்டுக்கு வாங்கும்போது அதிசயச் சுழியைத் தேடி அலையவேண்டாம், எல்லாரும் ஒதுக்குவதுதான் அதற்கு வீடு.

வாங்குமுன் சட்டத்தையும் பாருங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001இல் பல கடல் சங்கு வகைகளைச் சேர்த்தார்கள். டர்போ மார்மோரேட்டஸ் என்ற பெரிய பச்சை டர்போவும், ட்ரோகஸ் நைலோட்டிகஸும் அதில் உண்டு. மேல்தோலைத் தேய்த்து முத்துபோல் பளபளக்க வைத்து விற்கும்போது எது எந்த ஜாதி என்று கடைக்காரருக்கே தெரியாது. அதனால் தேய்க்காத, கரடுமுரடான சின்ன டர்போக்களாகக் கேட்டு வாங்குகிறேன். சொரசொரப்பு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் பிடிமானம் கிடைக்கிறது. கடற்கரையில் சும்மா கிடக்கும் காலிச் சங்கைப் பொறுக்கி வருவதையும் நான் விட்டுவிட்டேன். நமக்குக் கிளிஞ்சல், அங்கே உள்ள நண்டுக்கு அது வாடகை வீடு. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஆயிரம் பேர் ஒவ்வொன்று எடுத்தால் அவை எங்கே போகும்?

மூன்றாவது வழி என் மனசுக்கு நெருக்கமானது: ஆப்பிரிக்கப் பெருநத்தையின் ஓடு. 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட நத்தை, இன்று கேரளத்தில் ஊர் ஊராகத் தோட்டங்களைத் தின்கிறது. கூடலூர் பக்கம் சொந்தம் இருந்தால் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். எத்தனை ஓடு எடுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. உலகத்தின் பல தீவுகளில் நிலத் துறவி நண்டுகள் இந்த ஓட்டைத் தாமாகவே தேடிப் போட்டுக்கொண்டு திரிகின்றன. லேசானது, உள்ளே விசாலமானது. குறை என்னவென்றால் மெல்லியது; ஏறி விழுகிற நண்டிடம் உடையும். இன்னொன்றையும் அலட்சியமாக விடக்கூடாது. அந்த நத்தை எலி நுரையீரல் புழுவைச் சுமக்கும், அது மனிதருக்கு மூளைக்காய்ச்சல் தரும். உயிருள்ள நத்தையைக் கையால் தொடவேண்டாம். காய்ந்து வெளுத்த காலி ஓட்டை மட்டும் கையுறை போட்டு எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து வையுங்கள்.

கொதிக்கவைப்பது என்றதும் மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. துவரம்பருப்பு நம்மூரில் ஏன் வேகமாட்டேன் என்கிறது என்று தெரியுமே. குன்னூரில் தண்ணீர் 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. புழு, பூச்சி, பூஞ்சைக்கு அந்தச் சூடு போதும், ஆனால் நேரத்தைக் கூட்டுங்கள். நான் கால் மணி நேரம் விடுகிறேன். சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. ஆறியதும் குளோரின் நீக்கிய உப்பு நீரில் ஒரு முக்கு முக்கி வைத்தால் நண்டு சீக்கிரம் வந்து மோந்து பார்க்கிறது.

நான்காவது, பிளாஸ்டிக். ஜப்பானியக் கலைஞர் அகி இனொமாட்டா 2009 முதல் முப்பரிமாண அச்சில் கண்ணாடி மாதிரி சங்குகள் செய்து நண்டுகளுக்குக் கொடுத்துவருகிறார். நண்டுகளும் ஏறிக்கொண்டன. அதைப் பார்த்துப் பலருக்கு ஆசை வருகிறது. எனக்கும் வந்தது, உள்ளே வயிறு சுருள்வதைப் பார்க்கலாமே என்று. பிறகு வேறு படங்கள் பார்த்தேன். 2024இல் போலந்து ஆய்வாளர்கள், மக்கள் இணையத்தில் போட்ட படங்களைத் திரட்டி 386 நண்டுகள் குப்பையைச் சங்காகப் போட்டிருப்பதைக் கணக்கெடுத்தார்கள். அதில் 85 சதவீதம் பிளாஸ்டிக் மூடி. உலகில் உள்ள 16 நிலத் துறவி நண்டு இனங்களில் 10 இனங்கள் அந்தப் பட்டியலில். பாட்டில் மூடியை முதுகில் சுமக்கும் நண்டைப் பார்த்தபின் அந்த ஆசை போய்விட்டது. பர்லியாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை விலைகொடுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. கொறிக்கிற பிராணிக்குச் சுண்ணாம்புச் சத்தில்லாத வீடு என்ற குறையும் இருக்கிறது.

ஆக, என் தேர்வு: அடிப்படைக்குச் சின்ன டர்போவும் பாபிலோனியாவும், கிடைத்தால் நத்தை ஓடு. அப்புறம் யாரும் கடையில் விற்காத ஐந்தாவது ஒன்று இருக்கிறது. நண்டு கழற்றிப்போட்ட பழைய சங்கு. அழுக்காக இருக்கிறதே என்று நான் முதல் முறை எடுத்துக் குப்பையில் போட்டேன். அது தப்பு. கோஸ்டா ரிக்காவில் மார்க் லெய்ட்ரே என்ற ஆய்வாளர் காட்டியது இது: நில நண்டுகள் சங்கின் உள் தூணையும் சுவரையும் தேய்த்துத் தேய்த்து உள்ளே இடத்தைப் பெரிதாக்கிக்கொள்கின்றன. அப்படித் தேய்த்துப் பழகிய சங்கு லேசு, விசாலம். கடலிலிருந்து வந்த புதுச் சங்கைவிட அதற்குத்தான் போட்டி. ஒரு நண்டு குடியிருந்து செதுக்கிய வீட்டில் அடுத்த நண்டு குடியேறுகிறது. அதனால் பழைய சங்கைக் கழுவி, திரும்பத் தொட்டியிலேயே வையுங்கள். பெயின்ட் இல்லாததாக இருந்தால் மட்டும்.

இதை என் கண்ணாலேயே பார்த்தேன். போன ஐப்பசியில் குண்டன் மணலுக்குள் புதைந்து தோலுரித்து மேலே வந்திருந்தது. உடம்பு பெருத்துவிட்டது. மூன்று நண்டுகளும் அதற்குள் பெயின்டை விட்டு நல்ல சங்குக்கு வந்துவிட்டன. மகள் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, குண்டன் சட்டையைக் கழட்டப் போறான்!" என்று கத்தினாள்.

"கத்தாதே பாப்பா. கையும் வைக்காதே."

குண்டன் புது டர்போவின் வாயைத் தன் பக்கம் உருட்டியது. உணர்கொம்பால் விளிம்பைத் தடவியது. கொடுக்கை உள்ளே விட்டு அளந்தது, இரண்டு சிட்டிகை மணலை வெளியே அள்ளிப் போட்டது, மறுபடியும் அளந்தது. இப்படியே இருபது நிமிடம். பிறகு இரண்டு சங்கின் வாயையும் எதிரெதிராகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சட்டென்று வெளியே உருவியது. இளஞ்சிவப்பில், சுருண்ட, ஈரமான ஒரு சதைக் கொத்து. மூச்சு விடும் நேரம்தான். பின்பக்கமாகப் புது வீட்டுக்குள் சொருகிக்கொண்டது. கூடு விட்டுக் கூடு பாய்வது என்று சொல்வார்களே, அதை இவ்வளவு அவசரமாக நான் நினைத்துப் பார்த்ததில்லை. அதன் பழைய சங்கு ஆடி நிற்பதற்குள் மீசை வந்துவிட்டது. மீசை விட்ட பாபிலோனியாவைத் தேடி, தேங்காய் ஓட்டுக்குப் பின்னால் காத்திருந்த சின்னது வந்தது. ஒரே ராத்திரியில் மூன்று பேரும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கீழே மிஞ்சியது ஆகச் சின்ன சங்கு ஒன்று.

இதற்குக் காலியிடச் சங்கிலி என்று பெயர். வீடும் வேலையும் ஒருவர் விட இன்னொருவருக்குப் போவதைச் சமூகவியலில் அப்படித்தான் சொல்வார்கள். 1988இல் ஐவன் சேஸ் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் துறவி நண்டுகளிடம் அதையே காட்டினார்கள். 2010இல் ராண்டி ரோட்ஜன் குழுவினர் பெலீஸ் நாட்டுக் கடற்கரையில் பார்த்தது இன்னும் அதிசயம்: பெரிய சங்கு காலியாகக் கிடந்தால், நண்டுகள் பெரிதிலிருந்து சிறிதுவரை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ரேஷன் கடை வரிசைபோல் நின்று, சரியான அளவுள்ளது வந்ததும் ஒரே நேரத்தில் எல்லாம் மாறிக்கொள்கின்றன. ஒரு நல்ல சங்கு வைத்தால் அதனால் பிழைப்பது ஒரு நண்டு மட்டும் அல்ல. வாங்கும்போது பெரிய அளவில் ஒன்று கூடுதலாக வாங்கச் சொல்வது இதனால்தான்.

இனி, கை வைப்பதா வேண்டாமா. மோந்து பார்ப்பது, மேலே ஏறுவது, சங்கை ஆட்டுவது, ஒன்றிரண்டு கீச்சு இதெல்லாம் பேச்சுவார்த்தை மாதிரி. விட்டுவிடலாம். ஒன்று இன்னொன்றின் காலைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால், அல்லது மணிக்கணக்கில் விடாமல் துரத்தினால், பிரிக்கத்தான் வேண்டும். பிரிக்கும்போது அடிவாங்கியதை எடுக்காதீர்கள், அடித்ததை எடுங்கள். தனி டப்பாவில் ஈர மணலும் நாலு சங்கும் வைத்து விட்டால் பெரும்பாலும் அங்கேயே மாற்றிக்கொண்டு சமாதானமாகிவிடும். நிரந்தரமாகப் பிரித்து வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. துறவி என்பது நாம் வைத்த பெயர், அது கூட்டத்தில் வாழ்வது.

சங்கை விட்டு வெளியே வந்து அம்மணமாகக் கிடக்கும் நண்டு வேறு விஷயம், அது அவசரம். நம் மலையில் அதற்கு முதல் காரணம் பெரும்பாலும் குளிர். இதற்கு 24 முதல் 30 டிகிரி சூடு வேண்டும், காற்றில் ஈரம் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குன்னூரில் மார்கழி ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும். ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தாவில் புல்மேல் உறைபனியே விழும். முதல் வருடம் ரூம் ஹீட்டரை நம்பினேன். அது அறையைச் சூடாக்கி ஈரத்தை உறிஞ்சிவிட்டது; செவுள் காய்ந்தால் சூடு இருந்தும் பயனில்லை. இப்போது தொட்டியின் பின் கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே ஹீட் மேட் ஒட்டி தெர்மோஸ்டாட் வைத்திருக்கிறேன். அடியில் வைக்கவே கூடாது, தோலுரிக்க மணலுக்குள் புதைந்திருக்கும் நண்டு வெந்துபோகும். மேலே மூடி. பக்கத்திலேயே ஈரமானியும் வெப்பமானியும்.

முதல் வருடத் தை மாதத்தில் மரம் விழுந்து கரன்ட் போன ஒரு ராத்திரி, விடிந்து பார்த்தால் சின்னது சங்குக்குப் பக்கத்தில் கிடந்தது. கொடுக்கு மட்டும் அசைந்தது. ஒரு சின்னக் கிண்ணத்தில் அதன் சங்கை உப்பு நீரில் அலசி வாய் மேலே இருக்கும்படி வைத்தேன். ஸ்பூனால் நண்டை எடுத்துப் பக்கத்தில் விட்டேன், ஓட இடமில்லாத அளவுக்குக் கிண்ணம் நெருக்கமாக இருக்கவேண்டும். ஈரத்துணி மூடி, தெர்மாகோல் பெட்டிக்குள் வெந்நீர்ப் பையோடு இருட்டில் வைத்தேன். திறந்து திறந்து பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். மூன்று மணி நேரம் கழித்து சங்குக்குள் இருந்தது. உள்ளே தள்ளி விடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இது இப்போது யோசிப்பவர்களுக்கு. இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள். கடையில் விற்பவை கடற்கரையில் பிடித்தவை. குஞ்சு கடலில் வளரவேண்டும் என்பதால் வீட்டில் இனப்பெருக்கம் செய்யவைப்பது மிக அரிது. நன்றாக வைத்தால் முப்பது வருடம் வாழக்கூடிய உயிர், கம்பிக் கூண்டில் சில மாதத்தில் போய்விடுகிறது. அந்தமான் நிக்கோபார் பக்கத்துத் தேங்காய் நண்டின் குஞ்சும் சங்கு சுமந்து திரியும், பார்க்க இதே மாதிரி. அது சட்டப் பாதுகாப்பில் உள்ளது. ஏற்கெனவே வீட்டில் வந்துவிட்டவைக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

குண்டன் மறுபடியும் மணலுக்குள் போய் ஆறு வாரம் ஆகிறது. நாங்கள் தோண்டவில்லை. தட்டில் நல்ல தண்ணீர் ஒன்று, உப்புத் தண்ணீர் ஒன்று மாற்றி வைக்கிறோம். சங்கு மாறினால் உள்ளே நீரை நிரப்பிக்கொள்ள இரண்டும் வேண்டும். 29 மில்லிமீட்டர் வாய் கொண்ட டர்போ ஒன்றைக் கொதிக்கவைத்து, அது இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மகள் பள்ளிக்குப் போகுமுன் அது இடம் மாறியிருக்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டுப் போகிறாள்.